ஓ.எம்.ஆர். உத்தமர்

பொய் சொல்லி முன்னுக்கு வந்தவர் என்று இவரை யாரும் குறைசொல்ல முடியாது. சென்னை ஓ.எம்.ஆரில் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை எந்த ஐ.டி. கம்பெனிக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். நாற்பதைத் தாண்டிய வயது, கழுத்தில் அடையாள அட்டை, அந்த அட்டையில் அடங்காத நீளத்துக்கு ஒரு பதவிப் பெயர். உண்மையையும் முழுதாகச் சொல்ல மாட்டார், பொய்யும் சொல்ல மாட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு சர்வீஸ் ரோடு இருக்கிறது. சிக்னல் கிடையாது, போலீஸ் கிடையாது. அதில்தான் இத்தனை வருஷமாக வண்டி ஓட்டுகிறார். உத்தமர் என்றே அழைப்போம். அவரும் அதைத்தான் விரும்புவார்.

அவருடைய ரெஸ்யூமேயைப் படித்தால் மொழியின் சக்தி புரியும். "12 கோடி டாலர் வங்கி அக்கவுண்டில் முக்கியப் பங்களிப்பு" என்று ஒரு வரி. அந்த அக்கவுண்டுக்காக வேலை பார்த்தவர்கள் நானூறு பேர். திங்கள் இரவு கான்ஃபரன்ஸ் கால்களில் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்ததுதான் உத்தமரின் பங்களிப்பு. "டிசைன் செய்தேன்" என்று எழுத மாட்டார், "டிசைனில் எக்ஸ்போஷர்" என்பார். "தலைமை தாங்கினேன்" கிடையாது, "தலைமைக்கு உறுதுணை." எந்த வக்கீலை வைத்து வழக்குப் போட்டாலும் ஜெயிக்க முடியாது.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அவர் யாஹூ கதையைச் சொல்லுவார். ஸ்காட் தாம்சன் 2012 ஜனவரியில் யாஹூவின் தலைமை நிர்வாகி ஆனார். கல்லூரியில் அவர் வாங்கிய பட்டம் கணக்கியலில். தன்விவரக் குறிப்பிலோ கம்ப்யூட்டர் சயின்ஸும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பங்குதாரர் தோண்டித் துருவ, மே மாதமே நாற்காலி போயிற்று. "அதனாலதான் சார் நேர்மை முக்கியம்" என்று ஒரு பையன் முந்திக்கொள்வான். உத்தமர் அவனைக் கருணையோடு பார்ப்பார். "பட்டத்தை எதுக்குப்பா போடணும்? காலேஜுக்கு ஒரு போன் போட்டா தெரிஞ்சிடுமே. 'கம்ப்யூட்டர் சயின்ஸில் ஆழ்ந்த ஈடுபாடு'ன்னு போட்டிருந்தா எவன் கேக்கப் போறான்?"

சத்யம் கதையிலும் அவருக்கு ஒரு பாடம் உண்டு. நிறுவனத்தை நெறியோடு நடத்தியதற்காக 2008-இல் தங்க மயில் விருது வாங்கிய கம்பெனி அது. மறு ஜனவரி 7-ஆம் தேதி, ஆண்டுக்கணக்கில் கணக்கு ஊதிப் பெருக்கப்பட்டதாகத் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதினார். புலிமேல் ஏறியவர் அதன் வாயில் விழாமல் இறங்கும் வழி தெரியாமல் தவிப்பதைப் போலத் தம் நிலையை அதில் சொல்லியிருந்தார். நாடே கணக்கைப் பார்த்து அதிர்ந்தபோது உத்தமர் கடிதத்தைப் பார்த்து அதிர்ந்தார். "எழுத்துல கொடுக்கலாமா? போன் போட்டுப் பேசியிருக்கலாமே!"

உத்தமரின் கைவண்ணம் முழுதும் தெரிவது வாராந்திர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில். வேலை ஒழுங்காகப் போனால் பச்சை, தள்ளாடினால் ஆம்பர், கவிழ்ந்தால் சிவப்பு. சோதித்துப் பார்க்கிற பெண் சிவப்பு என்கிறாள். டீம் லீட், "இன்னும் ரெண்டு வாரம் இருக்கே" என்று ஆம்பர் ஆக்குகிறான். "மிட்டிகேஷன் பிளான்தான் இருக்கே" என்று மேனேஜர் பச்சையைத் தொட்டும் தொடாமலும் பூசுகிறார். உத்தமர் கைக்கு வரும்போது வெளிர்பச்சை. அமெரிக்காவில் கிளையண்டின் திரையில் விரியும்போது தஞ்சாவூர் நாற்றங்கால் தோற்றுவிடும். இந்தத் தொழிலில் அதற்குத் தர்பூசணி ரிப்போர்ட் என்றே பெயர்: மேலே பச்சை, வெட்டினால் சிவப்பு. இதில் பொய் சொன்னது யார்? ஒவ்வொருவரும் ஒரு படிதான் ஏற்றினார்கள். ஆளுக்கு ஒரு படி நல்லெண்ணம், அவ்வளவுதான். வெடிக்கிற அன்று ராத்திரி மூன்று மணிக்கு ஆபீஸில் உட்கார்ந்திருப்பது அந்தச் சோதனைக்காரப் பெண். மறுநாள் "துரித நடவடிக்கை"க்காக கிளையண்டிடமிருந்து பாராட்டு மெயில் வருவது உத்தமருக்கு.

ஏப்ரல் மாத அப்ரைசலில் அவர் குரல் தழுதழுக்கும். "உனக்காக ரொம்ப ஃபைட் பண்ணேன்பா. மேலே ஒத்துக்கலை." இந்தச் சண்டையை நேரில் பார்த்தவர் எவரும் இல்லை. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் நூற்றுக்கு 20 பேரைத் தூக்கி வைத்து, 70 பேரை நடுவில் நிறுத்தி, 10 பேரைக் கழித்துக் கட்டியபோது, அதைச் செய்வது தாமே என்று சொல்லிக்கொண்டுதான் செய்தார். மைக்ரோசாஃப்ட் 2013-இல் இத்தகைய முறையைக் கைவிட்டது. உத்தமரும் கைவிட்டார். "பெல் கர்வெல்லாம் இப்ப இல்லப்பா, வெறும் நார்மலைசேஷன்தான்." பெயர் மாறியது, கழிபட்ட பையன் மாறவில்லை.

வீட்டிலும் அவர் கொள்கை தவறாதவர். சம்பளம் ஒன்றுதான், சொல்லும் விதம் இரண்டு. தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் "அண்ணனுக்கு என்ன வருமானம்?" என்று கேட்டால் சி.டி.சி.யைச் சொல்வார். கம்பெனி கட்டும் பி.எஃப்., ஐந்தாண்டு முடித்தால் கிடைக்கிற கிராஜுவிட்டி, வருமோ வராதோ தெரியாத வேரியபிள் பே எல்லாம் அதில் அடக்கம். அதே தம்பி கல்யாணச் செலவுக்குக் கடன் கேட்டால், பிடித்தமெல்லாம் போய், அதிலும் ஈ.எம்.ஐ. போய், மிச்சத்தைச் சொல்வார். இரண்டு தொகைக்கும் ஆதாரம் உண்டு.

ஆரம்ப காலத்தில் உத்தமர் நங்கநல்லூரில் மாமனார் வீட்டு மாடியில் குடியிருந்தார். வாடகை மட்டுமல்ல, பால் காசுகூடக் கொடுத்ததில்லை. ஜனவரி வந்தால் மட்டும் வீட்டு வாடகைப் படிக்காக ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதுகளோடு கீழே இறங்குவார். மாதம் 8,333 ரூபாய். ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைத் தர வேண்டும், இதுவோ 99,996. மாமனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பேனாவைத் திறக்கவே தயங்குவார்.

"நன்மை வந்தா பொய்யும் உண்மைதான்னு வள்ளுவரே சொல்லியிருக்காரே மாமா!"

"குற்றமில்லாத நன்மைன்னு சொல்லியிருக்கார், மாப்பிள்ளை. வரிக்கழிவுன்னு சொல்லலை."

வாடகைப் படிக்கு விலக்குத் தராத புதிய வரிமுறைக்கு மாறியதிலிருந்து அந்த ரசீதுக்கு வேலையில்லை. "நான்லாம் இப்ப ஒரு பொய் ரசீதுகூடக் கொடுக்கறதில்லை" என்று உத்தமர் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்.

இவ்வளவு நெளிவு சுளிவு தெரிந்தவர், தமக்குக் கீழே இருப்பவர்களிடம் மட்டும் அரிச்சந்திரனை எதிர்பார்ப்பார். ஆட்டோக்காரர் பத்து ரூபாய் கூடக் கேட்டால், "இதனாலதான் சார் இந்த நாடு உருப்படலை." வேலைக்கார அம்மா, "காய்ச்சல்" என்று லீவு போட்டால் டாக்டர் சீட்டு வேண்டும். அடுக்ககச் சங்கத்தில் இவர்தான் பொருளாளர். வாட்ச்மேன் இரவில் கண்ணயர்ந்த நிமிஷங்களை சிசிடிவியில் எண்ணி வாட்ஸ்அப் குழுவில் போடுவார். ரகசியமாகப் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்த 300 பேரை 2022-இல் விப்ரோ வெளியேற்றியபோது இவர் கைதட்டிய சத்தம் பெருங்குடி வரை கேட்டது. மனைவி பெயரில் நடக்கும் கோச்சிங் சென்டரில் அவர் வாராவாரம் பாடம் எடுப்பது இதில் சேராது. அங்கே அவர் "விருந்தினர்."

சென்ற மாதம் விழுப்புரம் பக்கத்துப் பையன் ஒருவன் அகப்பட்டான். ஃப்ரெஷர் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள் என்று, ஒரு கன்சல்டன்சியில் பணம் கட்டி, இல்லாத கம்பெனியில் இரண்டு வருஷ அனுபவம் வாங்கியிருந்தான். எழுதிக் காட்டிய புரோகிராம் அன்று வந்தவர்களிலேயே சிறந்தது. ஆனால் எச்.ஆர். பெண் பி.எஃப். கணக்கைத் திறந்து பார்த்தபோது அந்த இரண்டு வருஷத்துக்கு ஒரு பைசா வரவு இல்லை.

"நேர்மை இல்லாத திறமை எனக்கு வேண்டாம்" என்றார் உத்தமர். பையன் எழுந்து போனான். கதவு சாத்தியதும் அவருக்கே மனசு கேட்கவில்லை. "பாவம், நல்ல பையன். பொய்யைப் போய்த் தேதி போட்டு எழுதியிருக்கானே! சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை."

அன்று மாலையே தன் சுய மதிப்பீட்டுப் படிவத்தைத் திறந்தார். "நேர்மை" என்ற தலைப்பின் கீழ் இந்த ஆண்டுச் சாதனை என்ன என்று கேட்டிருந்தது. "ஆள்சேர்ப்பு மோசடியைக் கண்டறிந்ததில் முக்கியப் பங்களிப்பு" என்று தட்டினார். எச்.ஆர். பெண் பி.எஃப். கணக்கைத் திறந்தபோது அவர் அதே அறையில்தான் இருந்தார். ஐந்துக்கு ஐந்து கொடுத்திருக்கிறார்கள்.