நண்டு பிடிக்கப் போகும் மருமவனுக்கு

என்ன மருமவனே, மெட்ராஸ்லேருந்து வந்து இறங்கின கையோட வரப்புல இறங்கணுமாமே! அக்கா சொன்னா. வெளிநாட்டுக்காரன் ஓடையில கூண்டு போட்டுக் கிரேஃபிஷ் பிடிக்கிறதைப் போன்ல பார்த்துட்டு, மருதையாத்துல அது கிடைக்குமான்னு கேட்டியாம். நம்ம நாட்டு ஆறு குளத்துல அந்தச் சாதி இயல்பா கிடையாதுப்பா. கடல் சாமான்தான் வேணும்னாலும் கொஞ்சம் லேட்டு. கல்லங்குறிச்சியில கடல் இருந்தது ஏழு கோடி வருசத்துக்கு முந்தி. அப்பத்திய சிப்பியெல்லாம் கல்லாகிச் சுண்ணாம்புப் பாறையில கிடக்கு. அந்தப் படிவத்துக்குப் புவியியல்காரங்க நம்ம ஊர்ப் பேரையே வெச்சிருக்காங்க. அதையும் வெட்டி அரைச்சு சிமென்ட் ஆக்கிட்டிருக்காங்க. உனக்கு மிச்சம் வயல் நண்டுதான்.

புரட்டாசி கழிச்சு வந்தியே, அது கெட்டிக்காரத்தனம். அந்த மாசம் பூரா கலியுக வரதராசப் பெருமாள் புண்ணியத்துல நண்டெல்லாம் நிம்மதியா திரியும். ஐப்பசி மழையில வரப்பு ஊறினா ராத்திரி தானா வெளிய மேயும். டார்ச்சை அடி, கம்பால முதுகை அமுக்கு, பின்பக்கமா ஓட்டைப் பிடிச்சுத் தூக்கு. வளைக்குள்ள கையை விட்டு வீரம் காட்டாதே. உள்ள இருக்கிறவரு சில நாள் விரியனா இருப்பாரு. அவரு போட்டோவுக்கு நிக்க மாட்டாரு. வயித்து மடல் அகலமா இருந்தா பொட்டை. அதுல குஞ்சு அப்பியிருந்தா இறக்கி விட்டுடு.

உன் சோம்பேறித்தனத்துக்குத் தோதா, பட்டப்பகல்லயே தள்ளாடிக்கிட்டு நாலஞ்சு நண்டு கைக்கு வரும். சந்தோசப்படாதே. அது குருணை மருந்து போட்ட வயலா இருக்கும். விசம் கொதிக்க வெச்சாலும் போகாது. வயல்காரனைக் கேட்டுட்டு இறங்கு. அவனும் வளையால தண்ணி ஒழுகுதேன்னு திட்டிக்கிட்டுதான் இருப்பான்.

பிடிச்சதைப் பாலித்தீன் பையில கட்டி வண்டியில மாட்டாதே, மூச்சு முட்டிச் செத்துடும். வாளி நிறையத் தண்ணியில போட்டாலும் அதே கதிதான். ஈரச் சாக்குல போட்டு நிழல்ல வை. செத்த நண்டு சீக்கிரம் கெடும். வீட்டுக்கு வந்ததும் கால் ஆடாததை எடுத்துக் குப்பையில போடு. காசு கொடுத்தா வாங்கினே?

இனிமேதான் விசயமே. சளிக்கு நண்டு ரசம் வெக்கிறேன்னு உங்க அத்தை உரல்ல இடிச்சு, சாறு வடிகட்டி, மிளகு சீரகம் தட்டிப் போட்டு, நுரை கட்டினதும் இறக்குவா. புளி ரசத்துக்கு அது சரி. நன்னீர் நண்டுக்குள்ள நுரையீரல் புழுவோட குஞ்சு இருக்க வாய்ப்புண்டு. நத்தையில வளர்ந்து நண்டுல ஏறி, அரைவேக்காடா தின்னவன் நெஞ்சுல குடியேறும். மணிப்பூர்ல அப்படித் தின்னவங்களுக்கு ரத்தமா இருமல் வந்து, காசநோய்னு நினைச்சு மாத்திரை கொடுத்த கதையெல்லாம் உண்டு. இருமலுக்குக் குடிச்ச ரசத்தாலயே இருமல் வந்தா யாரைத் திட்டுவே? அத்தையையா? எனக்கே அந்தத் தைரியம் கிடையாது. அதனால நீ அடுப்பு பக்கத்துல நின்னு, தளதளன்னு நல்லா கொதிக்க விடு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சா செத்துடும், உப்புல ஊறினா செத்துடும்னு எவனாவது சொன்னா, அவனை முதல்ல குடிக்கச் சொல்லு. இடிச்ச உரலையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவு. அதே உரல்ல பச்சைத் தேங்காய்ச் சட்னி அரைக்கிற வேலை வேணாம்.

இடிக்கிறதுக்கு முந்தியே செவுளையும் வயித்துப் பையையும் பிய்ச்சுப் போட மறந்துடாதே, கசக்கும்.

கொதிச்சு முடிஞ்சதும் முதல் கிண்ணத்தை எனக்கு அனுப்பி வை. சரியா வெந்திருக்கான்னு நான் பார்த்துச் சொல்றேன். ரெண்டாவது கிண்ணத்தையும் பார்த்தாத்தான் உறுதியா சொல்ல முடியும்.