ஒற்றை எழுத்திலிருந்து முழுப்பெயருக்கு

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் வாக்கிங் வரும் அப்பாக்கள் முன்பெல்லாம் சுகர் ரிப்போர்ட் பற்றிப் பேசுவோம். இப்போது பேச்செல்லாம் பிளாக்டு அக்கவுன்ட்தான். ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பிள்ளையின் பெயரில் 11,904 யூரோவை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். 2024 செப்டம்பரில் ஏற்றிய ரேட் இது. பையன் போய்ச் சேர்ந்ததும் மாதம் 992 யூரோவாக அவிழ்த்து விடுவார்கள். என் பி.எஃப். பணம், என் பையன்; பாக்கெட் மணி கொடுப்பது மட்டும் ஜெர்மன்காரன்.

விசா சில மாதத்துக்குத்தான். அதற்குள் ரெசிடென்ஸ் பெர்மிட் வாங்க வேண்டும். அதற்கு முன்னால், குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். பதிவதற்கு ஹவுஸ் ஓனர் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும். 2015 நவம்பரிலிருந்து அது ஓனரின் சட்டக் கடமையாம். தராவிட்டால் 1,000 யூரோ வரை அபராதமாம். கேஸ் கனெக்‌ஷனுக்கு ஒரு லெட்டர் கேட்டால் ஊருக்குப் போய்விடும் சேலையூர் ஓனர்களைப் பார்த்தவன் நான். இதை எப்படி நம்புவேன்?

கூத்து அதுவல்ல, பெயர். பாஸ்போர்ட் ஃபார்மில் ‘சர்நேம்’ என்றொரு கட்டம். நமக்கேது சர்நேம்? இனிஷியலை விரித்து என் பெயரைப் போட்டு, தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் வரிசையில் நின்றோம். மார்க் ஷீட்டெல்லாம் அவன் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தும் புள்ளியுமாக ஒண்டிக் கிடந்த நான், ஜெர்மனியில் பெரிய மனிதனாகிவிட்டேன். அங்கே ஆபீசில் மிஸ்டருக்குப் பதில் ‘ஹெர்’ போட்டு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எழுந்து போவது அவன். தபால் பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் வராது என்று அவனே என் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறான். வீட்டில் என் செருப்பை நகர்த்தி வைக்காத பிள்ளை!

போன வாரம் பெர்மிட் கார்டு வந்தது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினான். சிரிக்காத முகம், மேலே முதல் வரியில் என் பெயர். போனை மனைவியிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“என் பேரு எங்கங்க?”

“அப்ளிகேஷன்ல அம்மா பேருக்கும் கட்டம் இருந்துச்சு.”

“கார்டுல?”

“கார்டுல வராது.”

“பேங்க்ல இருக்கே என்னோட ஆறு வளையல், அது எந்தக் கட்டத்துல வருது?”