மடிக்கணினி வட்டியலில் தீராத ஒரு வழக்கு

பழைய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்கை மாற்றப் புகுவோர் வேகத்தைக் கொள்வதா, கொள்ளளவைக் கொள்வதா என்னும் வினா சென்னை ரிச்சி தெருவின் கடை வாசல்களில் அன்றாடம் எழுகிறது. விடை காணப்படாமலே பில் போடப்பட்டும் விடுகிறது. ஆன்மா ஒன்றா பலவா என்பதற்கு உரையும் மறுப்புரையும் மலிந்த நாட்டில் இவ்வினாவைக் கடைப் பையன் தீர்ப்புக்கு விட்டுவைத்தல் முறையன்று. ஆகவே வழக்காடும் இரு சாராரையும் வேகவாதியர், கொள்ளளவுவாதியர் எனப் பெயரிட்டு விசாரணையைத் தொடங்குவோம். நிறுவ வேண்டிய கோட்பாடு இது: அதிகக் கொள்ளளவுக்குத் தரும் பணத்தில் பெரும்பகுதி, எதை அழிப்பது என்று முடிவெடுக்கும் கடமையிலிருந்து பெறும் விடுமுறைக்கான கட்டணம், ஆதலால் ஒரே விலையில் இரண்டும் எதிர்ப்படுமிடத்து வேகமே கொள்ளத்தக்கது.

முதற்கண் வரலாற்றுச் சான்று. 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் இயந்திரத்தின் வட்டு, இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கியது. கொண்டது 50 லட்சம் எழுத்துகள். சுழன்றது நிமிடத்துக்கு 1,200 முறை. இன்று லேப்டாப்பில் செருகும் 1 டிபி வட்டு உள்ளங்கையில் அடங்குகிறது. கொள்ளளவு ஏறத்தாழ இரண்டு லட்சம் மடங்கு பெருகியிருக்க, அதன் சுழற்சியோ பெரும்பாலும் 5,400. அதாவது நாலரை மடங்கு மட்டுமே. இந்த ஏற்றத்தாழ்வே வழக்கின் வேர். வட்டு நிறையக் கற்றது. கேட்டால் சொல்ல மட்டும் நேரமாகிறது. கணக்கும் இதையே காட்டும். 5,400 சுற்று வட்டில், வேண்டிய தகவல் ஊசிமுனைக்கு வந்து சேர அரைச் சுற்று எனக் கொண்டால் சராசரி 5.6 மில்லி விநாடி. 7,200 சுற்று வட்டில் 4.2. ஊசிக்கை உரிய தடத்துக்கு நகர இதன்மேல் ஏறத்தாழ 12 மில்லி விநாடி பிடிக்கும். ஆக, 7,200 என்று மார்தட்டுவோர் ஈட்டும் மிச்சம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவர்களை வேகவாதியருள் ஓர் உட்பிரிவாகக் கொண்டு நகர்தல் போதும். எஸ்.எஸ்.டி.யிலோ சுழலவும் நகரவும் ஒன்றுமில்லை, 0.1 மில்லி விநாடியளவில் விடை வருகிறது. ஒரு முழு சினிமாவை நகலெடுக்கையில் இது ஐந்து மடங்கு வேகமே காட்டும். கணினி விழித்தெழும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடித் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. நூறு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு அங்கேதான் புலனாகும்.

இனி, கொள்ளளவை நிரப்பும் பொருள்களை வகைப்படுத்துவோம். அவை நால்வகைப்படும்: பார்த்த படங்கள், பார்க்கப் போவதாக நம்பப்படும் படங்கள், ‘நியூ ஃபோல்டர்’, ‘நியூ ஃபோல்டர் (2)’ எனக் கிளைத்துச் செல்லும் நகல்கள், ஒரே மணமகன் ஒரே மாலையுடன் சிறிதே வெவ்வேறாகக் கண்சிமிட்டும் புகைப்படங்கள். வேலை, கிடைத்த நேரம் முழுவதையும் நிரப்பும் வரை விரியும் என்று 1955இல் பார்க்கின்சன் ‘எகனாமிஸ்ட்’ இதழில் எழுதியதை நேரத்துக்குப் பதில் இடம் என்று மாற்றிப் படித்தால் நம் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கு அதுவே உரையாகும். பரணைப் பெரிதாகக் கட்டியதால் வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் குறைந்ததாக வழக்கு இல்லை. அதிலும் 1 டிபி என்று வாங்கியதை விண்டோஸ் 931 ஜிபி என்றே காட்டுகிறது. விற்பவர் ஆயிரத்தாலும் விண்டோஸ் 1,024ஆலும் பெருக்குவதால் நேரும் குறைவு இது. வாங்கிய அன்றே ஏறத்தாழ எழுபது ஜிபி கண்ணில் படாமற் போனதற்கு வருந்தும் கொள்ளளவுவாதி, அந்த இடத்தில் எதை வைத்திருப்பார் என்று கேட்டால் விடை கூறார்.

அற்றேல், தட்டில் தகவல் நெருங்கியிருந்தால் ஒரே சுற்றில் மிகுதியாகப் படிக்கலாமே, கொள்ளளவே வேகமன்றோ எனின், தொடர்ச்சியாகப் படிக்கையில் அஃது உண்மை. சிதறிக் கிடப்பதைத் தேடுகையில் ஊசிக்கை நகரும் நேரத்தை நெருக்கம் போக்காது என்க. எஸ்.எஸ்.டி. முக்காலும் முழுதுமாய் நிரம்பினால் அதுவும் தளருமே எனின், ஆம். எழுதுவதற்கு முன் பழையதை அழித்து இடம் ஒதுக்க அதற்குக் காலியிடம் வேண்டும். ஆயினும் இது வேண்டாதவற்றை நீக்கச் சொல்லும் காரணமேயாதலின் நம் கட்சிக்கே துணை. வீடியோ தொகுப்பவருக்கும் இசைப்பதிவாளருக்கும் இது பொருந்துமா எனின், பொருந்தாது. அவருக்குக் கொள்ளளவு தொழிற்கருவி, ஆதலால் விதிவிலக்கு. இறுதியாக, கணினி மெல்ல எழுந்தால்தான் நிதானமாய் டீ குடிக்க வாய்க்கும் என்பாரும் உளர். இதுவே எதிர்க்கட்சியின் வலிமை மிக்க வாதம். ஆயினும் டீ குடிப்பது மனித உரிமை. அதற்கு ஹார்டு டிஸ்க்கின் இசைவு தேவையில்லை.

பெறப்படும் விதி வருமாறு. தற்போது நிரம்பியுள்ள அளவை எடுத்து, மேற்சொன்ன நால்வகையையும் கழித்து, எஞ்சியதை இரட்டித்து, அதற்கு அடுத்து மேலுள்ள அளவில் எஸ்.எஸ்.டி. வாங்குக. வாங்குமுன் உள்ளிடம் 7 மில்லிமீட்டர் தடிப்பையா, 9.5ஐயா ஏற்கும் என அளந்து பார்க்க. கழற்றிய பழைய வட்டை வீசாமல் யுஎஸ்பி உறையில் இட்டுத் தனியே வைக்க. கழித்தவற்றைக் கண்காணாது கொண்டிருக்கும் பணிக்கு 5,400 சுற்றே மிகை. எஸ்.எஸ்.டி. பழுதானால் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி ஒரேயடியாகப் பழுதாகுமாதலால் முக்கியமானவற்றின் நகலும் அவ்வுறையிலேயே இருக்கட்டும். இவ்வாறு செய்தவர் மாதந்தோறும் சிலவற்றை அழித்தே தீர வேண்டிவரும். அது குறையன்று, கடைக்காரர் பில்லில் சேர்க்காமல் தந்த அறிவு எனக் கொள்க.