தம்பிக்குப் பிறந்தநாள், கேக்கில் யாருடைய பெயர்?

கேள்வி: லண்டனிலுள்ள என் தம்பி, தன் பிறந்தநாளுக்குக் கிளிநொச்சிச் சிறுவர் இல்லமொன்றில் மதியச் சாப்பாடு கொடுத்து, பிள்ளைகளோடு கேக் வெட்டிப் படம் அனுப்பச் சொல்கிறான். சரிதானா?
— வாசகி, பரந்தன்

பதில்: சாப்பாடு சரி, படம் வேண்டாம். மாரிகாலத்தில் லண்டனில் காலை ஆறரை என்றால் கிளிநொச்சியில் மத்தியானம் பன்னிரண்டு. தம்பி கண் விழிக்கும்போது இங்கே பந்தி தொடங்கிவிடும். தூரதேசத்தில் தனித்திருப்பவர், ஊர்ப்பிள்ளைகளின் வயிறு நிறைவதைத் தன் கொண்டாட்டமாக்க நினைப்பது பெரிய மனசு. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் பல இல்லங்களின் அடுப்பு எரிய இப்படி வந்த காசும் உதவியிருக்கிறது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரின் பெயரெழுதிய கேக்கின் முன்னால், சோறு ஆற ஆற, கைதட்டி வாழ்த்துப் பாடிய பிறகுதான் சாப்பாடு என்றால், பிள்ளைகள் அந்தச் சோற்றுக்குக் கூலி கொடுக்கிறார்கள். படம் முகநூலில் ஏறினால் ‘இல்லத்துப் பிள்ளை’ என்ற பெயர் பள்ளிக்கூடம் வரை பின்தொடரும். ஐ.நா. சிறுவர் உரிமைகள் சாசனத்தின் 16ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கிறது. 1991இல் இலங்கையும் அதை ஏற்றுக்கொண்டது.

படமில்லாமல் எப்படி நம்புவது என்று தம்பி கேட்பார். நியாயம்தான். பற்றுச்சீட்டு வாங்கி அனுப்புங்கள்; பரந்தனிலிருந்து கிளிநொச்சி எட்டாத தூரமா, நேரில் போய்ப் பரிமாறுங்கள். பிள்ளைகளுக்குக் கேக் ஆசை இருக்காதா என்றால், நிச்சயம் இருக்கும். அந்த மாதம் பிறந்த பிள்ளை யாரென்று பொறுப்பாளரிடம் கேட்டு, அந்தப் பிள்ளையின் பெயரைக் கேக்கில் எழுதச் சொல்லுங்கள்.