எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா

திண்டுக்கல் வட்டாரத்தில் புருஷனுக்கு வேறொரு தொடர்பு இருப்பது வெளியே வந்துவிட்டால், பெண்டாட்டிக்கு முதல் சட்ட ஆலோசனை மாமியாரிடமிருந்து கிடைக்கும். "ஆம்பளைன்னா அப்பிடி இப்பிடித்தான் ஆத்தா இருப்பான். நீதான் அனுசரிச்சுப் போகணும்." கட்டணம் கிடையாது, வாய்தா கிடையாது, தீர்ப்பு அன்றைக்கே. மேல்முறையீட்டை ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் விசாரிப்பார்கள். அதில் இரண்டு பேருக்குச் சின்ன வீடு உண்டு என்பதால் அனுபவம் மிக்க அமர்வு.

அதே சங்கதி மனைவி மேல் என்றால் இந்த அமர்வு கூடுவதில்லை. அங்கே யாரும் அனுசரிக்கச் சொல்வதில்லை. மறுநாள் செய்தித்தாள் 'கள்ளக்காதல்' என்று போட்டு அவள் படத்தை அச்சடித்துவிடும், பெரும்பாலும் அவள் பிணமான பிறகு.

மாமியாரையும் பெரியவர்களையும் மீறி ஒருத்தி மகளிர் காவல் நிலையப் படியேறினாள் என்றே வைத்துக்கொள்வோம். புருஷனைக் கூப்பிடுவார்கள். பத்து நிமிஷம் திட்டு விழும். அவர் தலையைக் குனிந்து, "இனிமே நடக்காதுங்க மேடம்" என்பார். அப்புறம் ஒரு வெள்ளைத் தாள் வரும். இருவரும் சமாதானமாகப் போகிறோம், மேல்நடவடிக்கை வேண்டாம். "பிள்ளைகள நெனச்சுப் பாரு. எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா." அவள் கையெழுத்துப் போடுவாள். புருஷன் பைக்கில் உட்கார்ந்து வீட்டுக்குப் போவாள். ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்த புண்ணியம் நிலையத்துக்கு.

அந்தத் தாள் என்ன செய்யும் என்பதை அவளிடம் ஒருவரும் சொல்வதில்லை. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், 13-ஆம் பிரிவு, பிறன்மனைத் தொடர்பை விவாகரத்துக்கான காரணமாக ஏற்கிறது. 1976-இல் திருத்திய பிறகு ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும் போதும். ஆனால் 23-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: நீ மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்தக் காரணத்தைத் தூக்கிக்கொண்டு வராதே. அந்த ஆள் மறுபடி அதே வேலையில் இறங்கினால் ஒழிய, அவள் வழக்கு அந்த வெள்ளைத் தாளோடு படுத்துவிடும். வருஷம் கழித்து அவள் மனுப் போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் நீட்டுவார். மன்னிப்பை வற்புறுத்தி எழுதி வாங்கியது அரசாங்க மேஜை. அதன் விலையைக் கொடுப்பவள் அவள்.

சட்டம் மட்டும் என்ன யோக்கியமா? 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு, அடுத்தவன் பெண்டாட்டியைத் தொட்டவனுக்கு ஐந்து வருஷம் என்றது. புகார் கொடுக்கும் உரிமை அந்தப் பெண்ணின் புருஷனுக்கு. புருஷன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. தொட்டவனுக்கும் வீட்டில் ஒரு பெண்டாட்டி இருப்பாளே, அவள்? அவளுக்குப் புகார் கொடுக்கவே உரிமை கிடையாது. இந்த மாட்டுச் சந்தை நியாயத்தை 1985-இல் உச்ச நீதிமன்றமே சரி என்றது. தீர்ப்பு எழுதியவர் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். 2018 செப்டம்பர் 27 அன்று, ஜோசப் ஷைன் வழக்கில், ஐந்து நீதிபதிகள் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். அவர்களில் ஒருவர் அந்தச் சந்திரசூட்டின் மகன்.

குப்பையில் போட்டதை முழுசாகப் போட விட்டார்களா? 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவின் 84-ஆவது பிரிவைப் பாருங்கள். அடுத்தவன் மனைவியைத் தகாத உறவுக்காக ஆசைகாட்டி அழைத்துப் போனால் இரண்டு வருஷம். அழைத்துப் போகப்பட்டவளுக்குச் சொந்த புத்தி உண்டா, அவளாக விரும்பிப் போனாளா என்று கேட்க ஒரு வரி இல்லை. அடுத்தவள் புருஷனை அழைத்துப் போனால்? அது பாட்டுக்குப் போகும். காலனிய நெடி போக்கப் புதுச்சட்டம் கொண்டுவந்தோம் என்று மார்தட்டியவர்கள் 1860-இன் 498-ஐ நம்பர் மாற்றி ஒட்டிய லட்சணம் இது.

ஜீவனாம்சத்துக்கு வாருங்கள். மனைவி இன்னொருவனோடு வாழ்கிறாள் என்று காட்டிவிட்டால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவில் காலணா கிடையாது. புருஷன் வைப்பாட்டி வைத்திருந்தால்? அவனோடு சேர்ந்து வாழ மறுக்க அது தக்க காரணமாகும் என்று அதே பிரிவு பெரிய மனசோடு அனுமதிக்கிறது. ஜீவனாம்ச மனுவுக்கு வரும் எதிர்மனுக்களில் 'நடத்தை சரியில்லை' என்ற வாக்கியம் எதற்காக நுழைகிறது என்று இப்போது புரியும். நிரூபிக்கக்கூட வேண்டியதில்லை. சொன்னால் போதும், அவள் பாதி வாய்தாவில் வராமல் நின்றுவிடுவாள்.

இரண்டாந்தாரம் கட்டினால் ஏழு வருஷம். கட்டாமல் வைத்துக்கொண்டால் ஒன்றுமில்லை. கட்டினாலும், சடங்கோ சுயமரியாதை முறையோ, கல்யாணம் முறைப்படி நடந்தது என்று முதல் மனைவிதான் நிரூபிக்க வேண்டும். பத்திரிகையும் போட்டோவும் இல்லாமல் கோயில் மூலையில் தாலி கட்டுகிறவனுக்கு இந்தச் சட்டம் நன்றாகவே தெரியும்.

சாட்சிக்கு வழி, கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடை. வாட்ஸ்அப் உரையாடலை அங்கேதான் தாளில் எடுக்கிறார்கள். "கலரா, கறுப்பு வெள்ளையாக்கா?" கலர் என்றால் இதயப் பொம்மை சிவப்பாக விழும், காசு கூட. அதோடு சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும். மனைவியின் போன் விவரத்தைத் திருட்டுத்தனமாக எடுத்த பரமக்குடிப் புருஷன் ஒருவரிடம், அது அந்தரங்க மீறல், சாட்சியாகாது என்று 2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் சொன்னார். 2025 ஜூலையில், வேறொரு வழக்கில், தம்பதிக்குள் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சை ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். இனி நம் படுக்கையறைகளில் போன் தலைகீழாகத்தான் கிடக்கும்.

இதற்கிடையில் புருஷன் வீட்டுப் பூட்டை மாற்றியிருப்பார். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊராச்சே! 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் கேட்கலாம்; 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைப் பெரியவர்கள் நாலு பேரும் சொல்ல மறந்திருப்பார்கள்.

வக்கீலுக்குக் காசில்லையா? மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். "அதெல்லாம் ஏழைகளுக்கும்மா, வருமானச் சான்று கொண்டா" என்று யாராவது திருப்பி அனுப்பினால், 1987 சட்டத்தின் 12-ஆவது பிரிவை நீட்டுங்கள். பெண் என்றால் போதும், வருமானம் கேட்கக்கூடாது. அதற்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளையே போதும்.