மானம் எந்தத் தளத்தில் இறங்கியது? கப்பல் பஃபேயில் அறையுய்ப்பு பற்றிய ஓர் ஆய்வு

‘மானம் கப்பலேறிவிட்டது’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். ஏறிய மானத்துக்கு எந்தத் தளத்தில் அறை கொடுத்தார்கள், மூன்று வேளையும் அது என்ன சாப்பிட்டது, மிச்சத்தை என்ன செய்தது என்று நம் அறிஞர்களில் ஒருவரும் விசாரிக்கவில்லை. இந்தக் குறையைப் போக்கவே, சிங்கப்பூர் மரீனா பே கப்பல் முனையத்தில் கிளம்பி பினாங்கும் புக்கெட்டும் போய்த் திரும்புகிற நான்கு இரவுக் கப்பல் ஒன்றில் கள ஆய்வு நடத்தினேன். ஆய்வுத் துணை என் மனைவி. ஆய்வுப் பொருள் என் சித்தி. இது சித்திக்குத் தெரியாது.

முதலில் இலக்கணம். பஃபே கூடத்தில் எடுத்த உணவை அங்கேயே உண்டு முடிக்காமல், அல்லது உண்டு முடித்ததற்கு மேலும் எடுத்து, தன் அறைக்குக் கொண்டுபோவது ‘அறையுய்ப்பு’ எனப்படும். உய்த்தல் என்றால் கொண்டு செலுத்துதல். உய்தல் என்றால் பிழைத்தல். இரண்டில் எது இங்கே பொருந்தும் என்பதில்தான் சிக்கலே. ஐஸ்கிரீம் கூம்பை நக்கிக்கொண்டே லிஃப்டில் ஏறுபவர் அறையுய்ப்பர் ஆகார். அவர் வெறும் அவசரக்காரர். அறைக்கதவைத் தாண்டும்போது கையில் உணவு இருக்க வேண்டும், வயிற்றில் பசி இருக்கக் கூடாது. பின்னது இல்லாமல் முன்னது மட்டும் இருந்தால் அது ராத்திரிச் சாப்பாடு. நம் ஆய்வுக்கு வெளியே.

இது களவா எனில், அன்று. பெரும்பாலான கப்பல்களில் தட்டோடு எடுத்துக்கொண்டு அறைக்குப் போவதை யாரும் தடுப்பதில்லை. காலித் தட்டை அறைப் பணியாளர் எடுத்துப் போய்விடுவார். கரையில் இறங்கும்போது கொண்டுபோவதுதான் குற்றம். நியூசிலாந்தில் பையில் ஒரு ஆப்பிளை மறந்து வைத்துக்கொண்டு, அதை அறிவிக்காமலும் இறங்கினால் 400 நியூசிலாந்து டாலர் உடனடி அபராதம். கப்பலுக்குள் அப்படி ஒன்றும் கிடையாது. ஆனாலும் அறையுய்ப்போர் அனைவரும் நகைக்கடையில் புகுந்தவர்கள் போலவே நடந்துகொள்கிறார்கள். அனுமதி உள்ள ஒன்றை ஏன் ஒளித்துச் செய்ய வேண்டும்?

விடை தேட வரலாற்றுக்குள் போக வேண்டும். நின்றபடி தட்டேந்திச் சாப்பிடும் இடத்தை நாம் ‘கையேந்தி பவன்’ என்று சிரித்தோம். அதையே சுவீடன்காரர்கள் ‘ஸ்மோர்காஸ்போர்ட்’ என்று சொல்லி, 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைத்தபோது அமெரிக்கா வாயைப் பிளந்தது. 1958இல் டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் அந்தப் பாணியை ஜப்பானுக்குக் கொண்டுவந்து, ‘வைக்கிங்’ என்று பெயர் சூட்டியது. இன்றும் ஜப்பானியர் பஃபேயைச் சொல்லும் சொல் அதுதான். வைக்கிங்குகள் யார்? கப்பலேறிப் போய், அகப்பட்டதை அள்ளிக்கொண்டு, தம் இருப்பிடம் திரும்பியவர்கள். ஆக அறையுய்ப்பு என்பது பஃபேயின் பெயருக்குள்ளேயே உறைந்திருக்கும் கருத்து என்று மொழியியல் நிறுவிவிட்டது. இதற்கு மேல் சான்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இனி, களம்.

சித்தி ஊரிலிருந்து ஒரு மின்சாரக் கெட்டில் கொண்டுவந்திருந்தார். முனையத்தில் எக்ஸ்ரேயில் அது பளிச்சென்று தெரிந்தது. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை; அதனால் சூடேறும் கம்பி உள்ள எதையும், கெட்டில், இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றையும், கப்பல்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டு பயணம் முடிந்ததும் திருப்பித் தருவார்கள். ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். சித்தி அந்தச் சீட்டைப் பார்த்த பார்வையில் ஒரு முடிவு இருந்தது. வெந்நீருக்கு வழியில்லாத ஊரில், தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற முடிவு.

முதல் நாள் காலை. இந்தியச் சாப்பாட்டுப் பகுதியைச் சித்தி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பருப்பும் புலாவும் சுற்ற முடியாதவை. நேராக ரொட்டிகள் பக்கம் போனார். ஒரு கப் கேக். சாப்பிட்டார். இன்னொன்று. அதைச் சாப்பிடவில்லை. டிஷ்யூத் தாளை மேஜைமேல் விரித்து, கேக்கை நடுவில் வைத்து, நான்கு முனைகளையும் மடித்தார். பூக்காரி இலையில் பூ கட்டுகிற அதே விரல்வேகம். பிறகு அவித்த முட்டை இரண்டு, குட்டி ஜாம் டப்பிகள் மூன்று, வாழைப்பழம் நான்கு. வாழைப்பழம் ஏற்றினால் மீன் கிடைக்காது என்று மேலைநாட்டு மீனவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. நாங்கள் மீன்பிடிக்கப் போகவில்லை என்பதால் அதை நான் சொல்லவில்லை.

“எதுக்கு சித்தி? ராத்திரி வரைக்கும் மேலே சாப்பாடு போட்டுக்கிட்டேதான் இருப்பாங்க.”

“போடுவாங்கடா. நாம எழுந்து போகணுமே.”

“போகலாமே.”

“போற நேரத்துல தீர்ந்துபோச்சுன்னா?”

மூவாயிரம் பேருக்குச் சமைக்கிற கப்பலில் தீர்ந்துபோகுமா என்று நான் கேட்டிருக்கலாம். ஆனால் ஆய்வாளர் களத்தில் தலையிடக் கூடாது.

அடுத்தது பாதை. பல கப்பல்களில் இப்போது ட்ரே வைப்பதில்லை. கைகள் கொள்ளுமளவே எடுக்கட்டும், வீணாவது குறையட்டும் என்ற எண்ணம். இதனால் உய்ப்புத்திறன் ஒரு தட்டாகவும் ஒரு கைப்பையாகவும் சுருங்கிவிட்டது. பஃபே பதினைந்தாம் தளத்தில், எங்கள் அறை ஒன்பதாம் தளத்தில். பதின்மூன்று ராசியில்லை என்று அந்தத் தளத்துக்கு எண்ணே போடவில்லை. பன்னிரண்டுக்கு அடுத்து பதினான்கு. ஆகவே கணக்குப்படி ஆறு மாடி, நடப்பில் ஐந்து. மேலைநாட்டு மூடநம்பிக்கை அறையுய்ப்போருக்குச் செய்த ஒரே உதவி இது.

லிஃப்ட்தான் சோதனைக்கூடம். அதற்குள் ஓர் எழுதாச் சட்டம் உண்டு: அடுத்தவர் தட்டைப் பார்க்கக் கூடாது. எல்லோரும் தள எண் மாறுவதையே பார்ப்பார்கள். இரண்டாம் நாள் இரவு, கோட் போட்ட ஓர் ஐரோப்பியப் பெரியவர் கையில் தட்டோடு ஏறினார். மேலே நாப்கின் மூடியிருந்தது, அதன் ஓரத்தில் பீட்சா முனை ஒன்று எட்டிப் பார்த்தது. நான் கேட்காமலே, “என் மனைவிக்கு” என்றார் ஆங்கிலத்தில். மறுநாள் காலை அதே மாடியில் ஒரு பெண்மணி, அவர் மனைவியாகத்தான் இருக்க வேண்டும், இரண்டு குரோசான்களோடு ஏறி, “என் கணவருக்கு” என்றார். என்னிடம் வாய்திறந்த எட்டுப் பேரில் ஒருவர்கூடத் தனக்கென்று சொல்லவில்லை. குழந்தைக்கு, அம்மாவுக்கு, தலைவலியால் படுத்திருக்கும் நண்பருக்கு. சித்தியும் அப்படியே: “உனக்குத்தான்டா. நீ ராத்திரி முழிச்சுக்குவே.” ஐம்பத்திரண்டு வயதில் நான் ராத்திரி முழித்துக்கொள்வது பசியால் அல்ல, ஆனால் அது வேறொரு கட்டுரை.

அறிவியல் என்ன சொல்கிறது என்பதையும் ஆய்வுமுறைக்காகப் பார்த்துவிடுவோம். சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவே கிடந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்; இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதே என்பது பாலபாடம். சோறு இன்னும் மோசம். பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் கிடந்து, சோறு ஆறியதும் முளைக்கும். அது கக்கும் நஞ்சு திரும்பச் சுடவைத்தாலும் போகாது. அறையிலுள்ள மினிபார் குளிர்பானத்துக்காக வைத்தது, அதை நம்பி முட்டையை வைக்க முடியாது. இதையெல்லாம் சித்தியிடம் விளக்கினேன். “பழைய சோறு தின்னு வளர்ந்த உடம்புடா இது” என்றார். எதிர்வாதம் செய்யுமளவுக்கு என்னிடம் தரவு இல்லை.

நோரோவைரஸ் என்று ஒன்று உண்டு. 1968இல் ஒஹையோவின் நார்வாக் நகரப் பள்ளியொன்றில் பரவியதால் வந்த பெயர்; 1972இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் அதன் உருவம் தெரிந்தது. கப்பல்காரர்களுக்கு அதன்மேல் தனிப் பயம். பஃபே கூடத்தின் வாசலில் தெளிக்கும் கிருமிநாசினித் திரவத்துக்கு அது அவ்வளவாக மசியாது. சோப்புப் போட்டுக் கழுவினால்தான் போகும். ஆகவே இடுக்கியைப் பிடித்த கை, லிஃப்ட் பொத்தானை அமுக்கிய கை, அறைச் சாவி அட்டையைத் தொட்ட கை, பிறகு கேக்கைப் பிட்ட கை எல்லாம் ஒரே கை என்பதை அறையுய்ப்போர் நினைவில் கொள்ளலாம். நான் நினைவில் கொண்டேன். நான்கு நாளில் நாற்பது முறை கை கழுவினேன்.

மிச்சத்தைப் பால்கனி வழியாகக் கடலில் போட்டுவிடலாமே என்று மூன்றாம் நாள் என் மனைவி சொன்னாள். சர்வதேசக் கடல்மாசு ஒப்பந்தமான மார்போலின் ஐந்தாம் இணைப்பை அவள் படித்ததில்லை. அதன்படி உணவுக் கழிவை 25 மில்லிமீட்டர் சல்லடையில் விழுமளவுக்கு அரைத்தால்தான் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம். அரைக்காவிட்டால் 12 மைல். அதையும் கப்பல்தான் செய்ய வேண்டும், ஒன்பதாம் தளத்துக் குடும்பம் அல்ல. மலாக்கா நீரிணையிலோ தெற்குப் பக்கம் நெடுகக் கரையும் தீவும் கூடவே வருகின்றன. முழு வாழைப்பழத்துக்கு அங்கே சட்டப்படி இடமே இல்லை.

ஆக, மேலே தீராது, கீழே கெட்டுப்போகும், வெளியே எறிய முடியாது. பிறகும் ஏன்?

என் துணிபு இது. நம் பந்தியில் ஒருவர் வந்து பரிமாறுவார். போதும் என்போம். இலைக்குக் குறுக்கே கை நீட்டி மறைப்போம். அவர் கையைத் தள்ளிவிட்டு இன்னொரு கரண்டி வைப்பார். அந்த மேல்கரண்டிதான் விருந்து. அதற்கு முன்னால் விழுந்ததெல்லாம் வெறும் சோறு. பஃபேயில் எல்லாம் இருக்கிறது, அந்த ஆள் மட்டும் இல்லை. எவ்வளவு எடுத்தாலும் யாரும் வற்புறுத்தவில்லை, எவ்வளவு குறைத்தாலும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வெற்றிடத்தில் சித்தி தானே பரிமாறுபவர் ஆகிறார். டிஷ்யூவில் மடிந்த கேக் எங்கள் இலையில் அவர் வைத்த மேல்கரண்டி. நாங்கள் “வேண்டாம் சித்தி” என்று சொன்னோமே, அதுவரை அந்தக் கப்பலில் யாரும் அப்படிச் சொல்ல வாய்ப்பே கிடைத்திருக்கவில்லை. ஐரோப்பியப் பெரியவருக்கும் இது பொருந்துமா என்பதை அவர் மனைவி அனுமதித்தால் விசாரிக்கலாம்.

எங்கள் அறையைப் பார்த்துக்கொண்டது ஒரு பிலிப்பைன்ஸ் இளைஞர். மாலைதோறும் துண்டை மடித்து ஒரு விலங்கு செய்து கட்டிலில் வைப்பார். முதல் நாள் அன்னம், அடுத்த நாள் குரங்கு. புக்கெட்டில் இறங்கித் திரும்பிய அன்று, சித்தி உய்த்ததையெல்லாம் வைத்திருந்த மேஜை இழுப்பறை காலியாக இருந்தது. சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. பிறகு கட்டிலைப் பார்த்தோம். வெள்ளைத் தட்டில் வாழைப்பழங்கள் சீப்பு மாதிரி வரிசையாக. பக்கத்தில் கேக்குகள், சுத்தமான நாப்கினில். ஜாம் டப்பிகள் கோபுரமாக. முட்டைகளை மட்டும் காணோம், அவர் விவரம் தெரிந்தவர். தட்டுக்குக் காவலாக, தும்பிக்கையை நீட்டியபடி ஒரு துண்டு யானை.

சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை.

“பாவம், அந்தப் பையன் சாப்பிட்டானோ இல்லையோ.”

மறுநாள் காலை பஃபேயிலிருந்து இறங்கியதும் நடைபாதையில் அவரைப் பிடித்தார். கைப்பையைத் திறந்து புதிய கேக் ஒன்றை நீட்டினார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். சித்தி அந்தக் கையைத் தள்ளிவிட்டு வைத்தார். அவர் சிரித்து, இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, டிஷ்யூவின் முனைகளை இன்னொரு தரம் மடித்து, தள்ளுவண்டியின் அடித்தட்டில் துவைத்த துண்டுகளுக்கு நடுவே வைத்தார்.