வைக்கோல் ஆட்டின் ஆயுள்

கேள்வி: கிறிஸ்துமஸ் அலங்காரத்தைக் கொளுத்துவதும் மரபாகுமா?

பதில்: சட்டப்படி ஆகாது, எனினும் வழக்கத்தால் ஆகிவிட்டதைச் சுவீடனின் யெவ்லே நகரம் காட்டுகிறது. வைக்கோலைச் சிவப்பு நாடாவால் கட்டிச் செய்யப்படும் ‘யூல்பொக்’ என்னும் ஆட்டுருவம், சாண்டா கிளாஸ் செல்வாக்குப் பெறுவதற்கு முன்னர் அந்நாட்டில் பரிசு கொண்டுவருவதாகக் கருதப்பட்ட கிறிஸ்துமஸ் ஆடாகும். 1966இல் அதனை ஏறத்தாழ 13 மீட்டர் உயரத்தில் யெவ்லே சதுக்கத்தில் நிறுவியபோது, புத்தாண்டுக்கு முந்தைய இரவே எவரோ தீவைத்தனர்; பின்னர் காவலர், வேலி, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றையும் மீறி அது பலமுறை எரிந்தது. 2023இல் தீயிலிருந்து தப்பியும், வைக்கோலில் எஞ்சிய தானியத்துக்காகக் காக இனப் பறவைகள் அதனைக் கொத்திக் குலைத்தன.